பெரம்பூர் வீட்டை யாருக்கு விற்றோம்?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வீட்டை விற்றுப் பார் என்பதை ஏன் சொல்லாமல் விட்டார்களோ தெரியவில்லை. வருஷக்கணக்காகப் பழகிய மனுஷர்கள்கூட, ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றதும் வேறு முகம் காட்டுவார்கள். நம் முகத்தையே நாம் கண்ணாடியில் புதிதாகப் பார்ப்பது போல் இருக்கும். 2024-ஆம் வருஷம் நான் பிறந்த வீட்டை விற்றபோது இதை அனுபவித்துத் தெரிந்து கொண்டேன்.

"விக்கிற வேலையெல்லாம் ஆம்பிளைங்க பாத்துக்குவாங்க; கையெழுத்துப் போடற அன்னிக்குப் போனா போதும்" என்று நம்மில் பலரும் ஒதுங்கிக் கொள்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அப்படி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். படிக்கிற சகோதரிகளில் ஒருவருக்காவது பயன்பட்டால் சந்தோஷம்.

கால் கிரவுண்டு வீடு

வீடு என்றால் பெரிய மாளிகை இல்லை. மொத்த மனையே கால் கிரவுண்டு, அதாவது அறுநூறு சதுர அடி. முன்னால் இரண்டு பேர் உட்காரும் திண்ணை, ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, பின்னால் கிணறு, அதை ஒட்டிக் குளியலறை. சிவப்புச் சிமெண்டுத் தரை. மேலே மங்களூர் ஓடு போட்டிருந்ததை, 1992-ல் அப்பா சீட்டுப் பணம் எடுத்து ஒட்டுக் கூரையாக மாற்றினார். அந்த வீட்டில்தான் அண்ணன், நான், தம்பி மூவரும் வளர்ந்தோம். பரீட்சை சமயத்தில் ஒருவர் திண்ணையில், ஒருவர் கூடத்தில், ஒருவர் கிணற்றடியில் என்று இடம் பிரித்துக் கொண்டு படிப்போம்.

பெரம்பூரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது ரயில் வளர்த்த ஊர். ரயில்வேயின் பெரிய ஒர்க்‌ஷாப்புகள் வெள்ளைக்காரன் காலத்திலேயே அங்கே வந்துவிட்டன. 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு வந்து இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை, ஐ.சி.எஃப்.பை, திறந்து வைத்தார். 2018-ல் முதல் வந்தே பாரத் ரயில் வெளிவந்ததும் அங்கிருந்துதான். பக்கத்திலேயே பின்னி மில் வேறு. 1996-ல் மூடுகிற வரை எத்தனையோ ஆயிரம் அடுப்புகள் அதனால் எரிந்தன. வேலை இருக்கிற இடத்துக்கு நாலா திசையிலிருந்தும் ஜனம் வரும் அல்லவா? எங்கள் சந்தில் இருந்த குடும்பங்களைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

இடது பக்கம், மில்லில் வேலை பார்த்த தெலுங்குக் குடும்பம். வலது பக்கம் கேரளத்துக்காரர், முனையில் டீக்கடை. எதிரே பாய் வீடு. அவரும் அப்பாவும் ஒரே ஷாப்பில் வெல்டர்கள், ஒரே ஷிப்டு. சந்தின் கோடியில் ஆங்கிலோ-இந்திய ஆன்ட்டி வீடு. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் அங்கே குல்குல் பொரிக்கிற வாசனை வந்தால், நாங்கள் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு அங்கே போய்விடுவோம். மாவை முள்கரண்டியில் உருட்டிச் சுருட்டிக் கொடுத்தால் கூலியாக ஒரு கை நிறையக் கிடைக்கும். நோன்பு மாதத்தில் எதிர் வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் கஞ்சி வரும். பிப்ரவரியில் லூர்து மாதா கோவில் திருவிழாவுக்குச் சந்தே காலியாகிவிடும்.

சண்டையே கிடையாதா என்றால், ஏன் கிடையாது? குழாயடிச் சண்டை, குப்பைச் சண்டை, ஒலிபெருக்கிச் சண்டை எல்லாம் உண்டு. தெலுங்கு அத்தையும் அம்மாவும் ஒரு முருங்கைக் கிளைக்காக ஆறு மாதம் பேசாமல் இருந்தார்கள். ஆனால் 2019 கோடையில் சென்னை முழுவதும் தண்ணீருக்குத் தவித்தபோது, எங்கள் கிணற்றில் ஊறிய உப்புத் தண்ணீரை, குடும்பத்துக்கு நாலு குடம் என்று கணக்கு வைத்துச் சந்தே பகிர்ந்து கொண்டது. கணக்கு எழுதினது அந்தத் தெலுங்கு அத்தைதான்!

நாலு கையெழுத்து

அப்பா 2020-ல் தூக்கத்திலேயே போய்விட்டார். அம்மா தனியாக அங்கேயே இருந்தாள். "இந்தத் தெருவை விட்டு நான் எங்க வர்றது?" என்பாள். 2023-ல் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. எதிர் வீட்டுப் பாயின் மகன்தான் 108-க்குப் போன் செய்து, கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனான். அதற்குப் பிறகு அம்மாவே, "சரி, வித்துடலாம்" என்றாள். தம்பிக்கும் கடன் நெருக்கடி இருந்தது.

அப்பா உயில் எழுதவில்லை. வீடு அவர் சம்பாத்தியத்தில் வாங்கியது. அண்ணன் போன் செய்து, "நானும் தம்பியும் எல்லாத்தையும் பாத்துக்கறோம். நீயும் அம்மாவும் வந்து விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா போதும், உனக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுடறோம்" என்றான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஊர் வழக்கம் அது. நானும் தலையாட்டியிருப்பேன். தற்செயலாக ஒரு வக்கீலம்மாவைப் பார்த்ததால் விஷயம் தெரிந்தது.

1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் தாயார், எல்லோருக்கும் சம பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆனால் பங்கு போய்விடாது. பூர்வீகச் சொத்தில்தான் பெண்ணுக்குப் பிறப்புரிமை இல்லாமல் இருந்தது. அதைத் தமிழ்நாடு 1989-லேயே திருத்தத் தொடங்கியது. 2005-ல் நாடு முழுவதற்கும் திருத்தினார்கள். ஆண்பிள்ளைகள் குடியிருக்கும் பரம்பரை வீட்டைப் பிரித்துத் தரச் சொல்லி மகள் கேட்க முடியாது என்றிருந்த தடையும் அதே 2005-ல்தான் நீங்கியது. (கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குத் தனித்தனிச் சட்டம்; அவரவர் வக்கீலைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.)

ஆகவே எங்கள் வீட்டில் அம்மா, அண்ணன், நான், தம்பி, நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் வாயைத் திறக்க முடியாது. நான் அண்ணனிடம் சண்டை போடவில்லை. "நாலு பேரும் சேர்ந்தே கிரயம் எழுதிக் கொடுப்போம்ணா. பணமும் நாலாப் பிரிஞ்சு அவங்கவங்க பேங்க்ல போய் விழட்டும்" என்றேன். அண்ணன் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "அதுவும் சரிதான்" என்றான்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அன்று அந்தக் கையெழுத்தை நாங்கள் கையில் வைத்துக் கொண்டதால்தான், அடுத்து நடந்ததில் எங்கள் வாய்க்கும் மதிப்பு இருந்தது.

கூடத்தில் ஒரு பஞ்சாயத்து

மாதவரத்திலிருந்து வரும் மெட்ரோ ரயில் பாதை பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி வழியாகப் போகிறது. அதற்காகப் பள்ளம் தோண்டியதுமே புரோக்கர்களுக்குக் கொண்டாட்டம். விற்கப் போகிறோம் என்று வாயைத் திறந்த வாரமே ஏழெட்டுப் பேர் வந்து பார்த்தார்கள். கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள்.

ஒருவர் காண்டிராக்டர். வீட்டை இடித்து, மாடி மாடியாகச் சிறு அறைகள் கட்டி வாடகைக்கு விடப் போகிறாராம். விலையில் பாதியை ரொக்கமாகத் தருவதாகச் சொன்னார்.

இன்னொன்று ஒரு முஸ்லிம் குடும்பம். கணவர் ரயில்வேயில் டெக்னீஷியன், மனைவி பள்ளிக்கூட டீச்சர், இரண்டு பெண் குழந்தைகள். ஜமாலியா பக்கம் வாடகைக்கு இருந்தார்கள். பேங்க் லோன் போட்டு வாங்குவதால் முழுப் பணமும் செக்கில்தான். காண்டிராக்டர் சொன்னதைவிட நாலு லட்சம் குறைவு.

புரோக்கர் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, "ஆள் பாத்துக் குடுக்கணும் சார். ஒரு வீடு போச்சுன்னா நாளைக்கு அக்கம்பக்கத்துக்கு ரேட்டு விழுந்துடும்" என்றாராம். அடுத்த நாள் சந்தில் புதிதாக வீடு கட்டி வந்திருந்த பெரியவர் ஒருவர், இரண்டு பேரைக் கூட்டிக் கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். "நம்ம ஆளுங்களுக்கே குடுத்துடுங்கம்மா. நீங்க போயிடுவீங்க, நாங்க இங்க இருக்கணுமில்ல?" என்றார். குரலில் கோபம் இல்லை. நல்லது சொல்கிற தோரணையில்தான் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்கும், 'நமக்கு எதுக்கு வம்பு, காண்டிராக்டருக்கே குடுத்துடலாம்' என்றுதான் தோன்றியது. நாலு லட்சமும் கூட வருகிறது, பகையும் இல்லை. வாசற்படி வழியே எதிர் வீடு தெரிந்தது. பாயம்மா வெங்காயம் உரித்துக் கொண்டிருந்தார். காதில் விழுந்ததோ என்னவோ, தலை நிமிரவில்லை. எனக்கு உடம்பு கூசியது.

அம்மா எழுந்து போய் இரும்புப் பெட்டியைத் திறந்தாள். தாய்ப் பத்திரத்தை எடுத்து வந்து பெரியவர் முன்னால் வைத்தாள்.

பத்திரத்தில் இருந்த பெயர்

அப்பா அந்த வீட்டை 1978-ல் வாங்கினார். விற்றவர் ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி, ரயில் டிரைவரின் விதவை. பிள்ளைகள் ஆஸ்திரேலியா போய்விட்டதால் அவரும் கிளம்பிக் கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் பெரம்பூரிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் நிறைய.

அதற்கு முன் இரண்டு வருஷம் அப்பாவும் அம்மாவும் வாடகை வீட்டுக்கு அலைந்த கதை எங்களுக்குத் தெரியும். போன இடமெல்லாம் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" பதில் சொன்னதும் வீடு இல்லை. ஒரு வீட்டில் அட்வான்ஸை வாங்கிக் கொண்டு மறுநாள் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த வெள்ளைப் பாவாடை அம்மாளிடம் போனபோது அப்பாவிடம் இருந்தது பதினாலாயிரம். விலை பதினெட்டாயிரம். அம்மா தன் வளையலையும் நெக்லஸையும் விற்று மீதியைப் போட்டாள். (பத்திரத்தில் அவள் பெயர் இல்லை என்பது வேறு கதை.) அந்தப் பெண்மணி அப்பாவை என்ன ஆள் என்று கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: "குழந்தை இருக்கா?" அண்ணனுக்கு அப்போது இரண்டு வயது. "அப்ப கிணத்துக்கு முதல்ல ஒரு மூடி போடு" என்றாராம்.

அம்மா பெரியவரைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னாள்: "இவரு கேக்கிற கேள்வியை அன்னிக்கு அந்தம்மா கேட்டிருந்தா நீ எந்தத் திண்ணையில படிச்சிருப்பே? அந்த டீச்சர் பொண்ணுக்குத்தான் குடுக்கணும். நாலு லட்சம் குறையுதுன்னா என் பங்குல கழிச்சுக்கோ."

"என் பங்கிலும் பாதியைக் கழிச்சுக்கோ" என்றேன் நான். அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காண்டிராக்டருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னான். யார் பங்கிலும் கழிக்கவில்லை. "ரொக்கத்தை வாங்கிட்டு இன்கம்டாக்ஸ்காரனுக்கு யார் பதில் சொல்றது?" என்று அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்துக் கொண்டான். எந்தக் காரணமானால் என்ன!

நம் வீட்டை யாருக்கு விற்பது என்பது நம் இஷ்டம். காண்டிராக்டருக்கு விற்பது பாவம் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் "நம்ம ஆளுங்க" என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினால், அதில் போடுகிற கையெழுத்து நம்முடையதாகவும் இருக்கும். அதை மட்டும் யோசித்துக் கொள்ள வேண்டும்.

விற்கும்போது கவனிக்க...

இந்த ஆறு மாதத்தில் நான் ரிஜிஸ்தர் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்து கற்றுக் கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

* வீட்டுக்காரர் இறந்திருந்தால் முதல் வேலை, தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குவது. மகள்கள் பெயர் விட்டுப் போகாமல் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

* பட்டா, சொத்து வரி, தண்ணீர் வரி, மின் இணைப்பு இவையெல்லாம் இறந்தவர் பெயரிலேயே கிடக்கும். பாக்கியைக் கட்டி, பெயரை மாற்றிய பிறகு விற்றால் பேரம் பேச இடம் இருக்காது.

* வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். பழைய வருஷங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டியிருக்கலாம். வாங்குபவர் லோன் போட்டால் பேங்க் வக்கீல் தாய்ப் பத்திரம் வரை துருவுவார். அதற்காக எரிச்சல்பட வேண்டாம். அது இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

* அட்வான்ஸாக இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கினவருக்குத்தான் அபராதம். விலை ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவிகிதம் வரி பிடித்துக் கட்டுவார். அதற்கான சான்றை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

* முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். வழக்கமாக வாங்குபவர் பொறுப்பு. பத்து லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் சலுகை உண்டு. சின்ன மனை வாங்குகிற சகோதரிகள் கவனிக்கவும்.

* விற்று வந்த லாபத்துக்கு வரி உண்டு. அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கு. அந்த லாபத்தில் இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று வருஷத்துக்குள் கட்டினாலோ விலக்குக் கிடைக்கும். ஆடிட்டரை முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

* எல்லாவற்றுக்கும் மேல், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "அவசரம், அப்புறம் படிக்கலாம்" என்று யார் சொன்னாலும், "ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லுங்கள். சொந்த அண்ணனாக இருந்தாலும்தான்!

அம்மா இடம் மாறினாள்

வீட்டை விற்பதில் பத்திரம் பாதி வேலைதான். அங்கே நாற்பத்தைந்து வருஷம் இருந்த மனுஷியை இடம் மாற்றுவது மீதிப் பாதி.

வயதானவர்களுக்குப் புது இடத்தில் முதல் சில வாரங்கள் ராத்திரியில் திசை தெரியாமல் போகும். கக்கூசுக்குப் போக எழுந்து சுவரில் முட்டிக் கொள்வார்கள். அம்மாவின் பழைய கட்டிலையே என் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அங்கே எந்தப் பக்கமாக இறங்குவாளோ, அதே பக்கம் வரும்படி போட்டேன். கட்டிலிலிருந்து குளியலறை வரை விடிவிளக்கு. குளியலறையில் பிடித்துக் கொள்ள ஒரு கம்பி. தரையில் வழுக்காத விரிப்பு. பிரஷர் மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் சாமான் மூட்டையில் கட்டாமல் என் கைப்பையிலேயே வைத்துக் கொண்டேன். சாமான் பிரிக்க நாலு நாள் ஆகும். மாத்திரை ஒரு வேளை தவறக் கூடாது.

எதைத் தூக்கிப் போடுவது, எதை வைத்துக் கொள்வது என்பதை அம்மாவே முடிவு செய்தாள். உடைந்த முறமும் ஒன்று வந்து சேர்ந்தது. இருக்கட்டுமே! பெரியவர்கள் இரண்டு மூன்று வாரம் கழித்தும் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் மட்டும், வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சாவி கொடுத்த அன்று டீச்சர் பெண் இரண்டு குழந்தைகளோடு வந்திருந்தாள். சின்னதற்கு மூன்று வயது இருக்கும். நேரே கிணற்றடிக்கு ஓடியது. அம்மா பின்னாலேயே போய்க் கையைப் பிடித்துக் கொண்டாள். "மூடி துருப் பிடிச்சுப் போச்சும்மா. குடி வர்றதுக்கு முன்னால புதுசு மாத்திடு" என்றாள். "சரிங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

அந்தப் பெரியவர் இப்போது அம்மாவோடு பேசுவதில்லை. நாங்கள் போனால் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார். தெலுங்கு அத்தை மட்டும் வாரம் ஒரு தடவை போன் செய்து சந்துச் சமாசாரம் முழுவதும் ஒப்பிக்கிறார். போன வாரம் சொன்னது: கிணற்றுக்குப் புது மூடி போட்டாகிவிட்டது.